மூடி ஒன்று, நல்ல நிலையில்

முப்பத்தோரு வருஷம் நகராட்சிச் சாக்கடைகளைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரிக்கு, குழிக்குள் இறங்கி ஒருநாளும் தலை சுற்றியதில்லை. முதல் தடவை சுற்றியது அலுவலகத்தில், குளிரூட்டிய அறையில், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

விஷயம் சின்னது. பள்ளிக்கூடச் சாலை முனையில், தையற்கடைக்கு எதிரே இருந்த சாக்கடைக் குழியின் இரும்பு மூடி, மணல் லாரி ஏறி இரண்டாகப் பிளந்து உள்ளே போய்விட்டது. மறுநாள் காலை தபால்காரர் சைக்கிளோடு அந்த வழியே வந்தார். அவர் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கடிதங்கள் மூன்று தெரு தள்ளிக் கால்வாயில் மிதந்தன. அந்த ஊரில் தபால் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மேஸ்திரி பலகை போட்டார். மறுநாள் பலகை யார் வீட்டு அடுப்பிலோ எரிந்தது. பெரிய கல்லாகப் பார்த்து வைத்தார். அதே மணல் லாரி கல்லையும் உள்ளே தள்ளிவிட்டுப் போனது. மரக்கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று போலீஸ்காரர் பிடுங்கிப் போட்டார். இனி மூடியேதான் கதி என்று ஸ்டோருக்கு நடந்தார்.

ஸ்டோர் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு இருந்தது. ஸ்டோர்க்காரர் மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசையும் ஒரு இருப்புப் பதிவேடுமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"மூடியா? எந்தக் காலத்துலய்யா இருக்கே? மூடியெல்லாம் பழைய இரும்புக்குப் போய் நாலு மாசம் ஆச்சு."

"நாப்பத்திரண்டு மூடி இருந்துச்சே!"

"இருந்துச்சு. ரூம் வேணும்னாங்க. மூடிய உள்ள வெச்சுக்கிட்டு ரூமக் குடுக்க முடியுமா?"

"எதுக்கு ரூம்?"

"சாமான் இல்லாம எப்படி வேலை பாக்கறதுன்னு நமக்குச் சொல்லிக்குடுக்க."

கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது: 'உள்ளாட்சிப் பணியாளர்களுக்கான பயனுள்ள வளங்கள் மற்றும் புதிய சிந்தனைகள் பிரிவு'. இவ்வளவு நீளமாகப் படித்துவிட்டு உள்ளே போக யாருக்கும் பொறுமை இல்லாததால், ஐடியா ரூம் என்றுதான் சொல்வார்கள். அதன் அதிகாரிக்கு ஐடியா சார் என்று பெயர். நாற்பது வயது. முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. கடை திறந்த முதல் நாள் வியாபாரி சிரிக்கிற சிரிப்பு அது. சரக்கு வந்து சேர்வதற்கு முந்தின சிரிப்பு.

மூன்று மாதத்துக்கு முன்பு பணியாளர் எல்லோருக்கும் அவர் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்திருந்தார். பெட்டியின் மேல் 'பயனுள்ள வளங்கள்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு வெற்று நோட்டு, ஒரு பேனா, மனசு சோர்ந்தால் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு இணையதளத்தின் கடவுச்சொல், கொசுறாக ஒரு தொப்பி. சாக்கடைக்காரர்கள் இரண்டு வருஷமாக முழங்கால் பூட்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியும் பூட்ஸ் விழவில்லை.

"வாங்க மேஸ்திரி, உக்காருங்க," என்றார் ஐடியா சார். "என்ன யோசனை கொண்டு வந்திருக்கீங்க?"

"யோசனை ஒண்ணுமில்ல சார். ஒரு மூடி வேணும்."

ஐடியா சார் கண்ணை மூடினார். காலில் ஆணி குத்தினவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"வேணும்கற வார்த்தை இந்த ரூமுக்குள்ள கிடையாது. சுற்றறிக்கை படிக்கலையா? எந்தப் பணியாளரும் பொருள் கேட்டு மனு குடுக்கக் கூடாது. கேக்கறது பழைய மனநிலை. குடுக்கறது புது மனநிலை. நீங்க எங்களுக்கு யோசனை குடுக்கணும்."

"குழி திறந்து கிடக்கு சார். மூடியால மூடலாம். அதான் யோசனை."

"அப்படி வாங்க வழிக்கு!" என்று ஒரு படிவத்தைத் தள்ளினார்.

மேஸ்திரி கையை ஊன்றிய வட்ட மேசை சில்லென்றிருந்தது. மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் வார்ப்பிரும்பு. இரும்பில் நகராட்சி முத்திரை, தூக்குவதற்கு இரண்டு துளை. முப்பத்தோரு வருஷம் தூக்கிப் போட்ட சாமானை அவருக்குத் தெரியாதா?

"சார், இது மூடி!"

"இருந்தது. இப்ப மேசை. நம்ம பிரிவோட முதல் யோசனை. மறுபயன்பாடு. மாநில அளவுல பாராட்டு வாங்கிருக்கு. நீங்க மூணாவது கேள்வியப் பாருங்க."

மூன்றாவது கேள்வி: 'இந்த யோசனை இதற்குமுன் உலகில் வேறு எவருக்கேனும் தோன்றியுள்ளதா? ஆம் / இல்லை.' மேஸ்திரி பொய் சொல்லிப் பழகாதவர். 'ஆம்' என்பதில் வட்டம் போட்டார்.

ஐடியா சார் படிவத்தை வாங்கிப் பார்த்து, தராசில் கல் குறைந்ததைக் கண்டுபிடித்தவர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"குழியை மூடியால மூடறது... இது ஏற்கெனவே செஞ்சிருக்காங்க மேஸ்திரி. எல்லா ஊர்லயும் செஞ்சிருக்காங்க. இதுல புதுசு எங்க இருக்கு? புதுசா யோசிச்சிட்டு வாங்க."

அப்போதுதான் மேஸ்திரிக்குத் தலை சுற்றியது.

மேஸ்திரிக்கு அவசரம் ஒன்று இருந்தது. அவர் பெண்டாட்டிக்கு இடது கண் போன வருஷமே போய்விட்டது. வலது கண்ணிலும் புகை படர ஆரம்பித்திருந்தது. பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் வரிசையில் நின்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார். பத்தொன்பதாம் தேதி. "தள்ளிப்போட்டுடாதீங்க, இந்தக் கண்ணு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காது," என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைகள் இல்லை. புருஷன்தான் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். நகராட்சி ஊழியருக்கு மருத்துவ அட்டை உண்டு. அட்டை இருந்தால் ஆபரேஷன் இனாம். இல்லாவிட்டால் அவர்கள் கேட்ட தொகைக்கு வீட்டை விற்று வீட்டுக்காரரையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கும். அவர் இருந்ததோ வாடகை வீடு.

அன்றைக்குத் தேதி ஒன்று. பதினெட்டுக்குள் குழியை மூடிவிட்டால் லீவு போட்டுவிட்டுப் போகலாம். திறந்த குழியை விட்டுவிட்டுப் போய், அதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை விழுந்தால்? வேலை போவது இருக்கட்டும், அந்த முகத்தை எப்படி மறப்பது?

ஆகவே புது யோசனை எதுவும் தோன்றாத மேஸ்திரி, மூடி வருகிற வரைக்கும் குழியோரம் தானே நிற்பது என்று முடிவெடுத்தார். கையில் சிவப்புத் துணி. தலையில் அந்தக் கொசுறுத் தொப்பி.

"என்ன அண்ணே, மூடி வாங்கப் போனீங்க, தொப்பியோட வந்து நிக்கறீங்க?" என்றாள் எதிர்க்கடைத் தையற்காரி. நல்ல பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல்.

"வந்துடும்மா. ரெண்டு நாள்."

"போன வருஷம் எங்க தெருவிளக்குக்கும் ரெண்டு நாள்னுதான் சொன்னாங்க. அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல. ஒண்ணு பண்ணுங்க, உக்காந்துக்கங்க. ஸ்டூல் தர்றேன்."

"உக்காந்தா தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்குத் தெரியாது."

"அதுவும் சரி. மூடி எங்கயாச்சும் உக்காருமா?"

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் நகராட்சியில் சில விஷயங்கள் விளையாட்டாகத் தொடங்கித்தான் கோப்பாகின்றன.

நாலாம் நாள் ஐடியா சாரின் ஜீப் அந்த வழியே வந்து நின்றது. அவர் இறங்கி மேஸ்திரியை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்க்காத குறை.

"இது யார் யோசனை?"

"யோசனையெல்லாம் இல்ல சார், வேற வழி இல்லாம..."

"வேற எந்த ஊர்லயாவது இப்படிச் செய்யறாங்களா?"

"எந்தப் பைத்தியக்காரன் சார் செய்வான்?"

ஐடியா சாரின் கண்கள் கலங்கிவிட்டன. செல்போனை எடுத்து நான்கு பக்கமும் நின்று படம் பிடித்தார். பிறகு ஒரு படிவத்தை ஜீப்பின் மேல் வைத்து அவரே நிரப்பினார். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று போட்டு இரண்டு தடவை அடிக்கோடு இழுத்தார்.

எட்டாம் தேதி நகராட்சி அரங்கில் விழா. மேடையில் ஆணையர், ஐடியா சார், நடுவில் மேஸ்திரி. பின்னால் மேஸ்திரியின் படம், ஆளைவிட மூன்று மடங்கு பெரியதாக. கீழே 'உயிர்மூடித் திட்டம்' என்று எழுதியிருந்தது. அந்த நேரத்தில் குழியோரம் யார் நிற்கிறார்கள் என்று மேஸ்திரி இரண்டு பேரைக் கேட்டார். விழா நேரத்தில் குழியைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள்.

ஐடியா சார் பேசினார்.

"நண்பர்களே! ஒரு இரும்பு மூடி என்ன செய்யும்? மூடும். அதோடு சரி. அது சிந்திக்காது. எச்சரிக்காது. வணக்கம் சொல்லாது. நம்ம மேஸ்திரி மூன்றையும் செய்கிறார். இதற்குமுன் நான் குடிநீர்ப் பிரிவில் இருந்தேன். நான் சேர்ந்த அன்று ஒரு நாளைக்கு இருநூறு புகார். கிளம்புகிற அன்று ஒரு புகார் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தண்ணீர் வேறு பிரிவு. நான் புகார்ப் பெட்டியை எடுத்துவிட்டு யோசனைப் பெட்டி வைத்தேன். மக்கள் எவ்வளவு யோசித்தாலும் பெட்டிக்குள் போட அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஊரில் அறுபத்து மூன்று குழிகள் திறந்து கிடக்கின்றன என்று சிலர் எதிர்மறையாகப் பேசுகிறார்கள். நான் சொல்கிறேன், அறுபத்து மூன்று பதவிகள் திறந்து கிடக்கின்றன!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. ஆணையர் மேஸ்திரிக்குச் சான்றிதழும் இன்னொரு 'பயனுள்ள வளங்கள்' பெட்டியும் கொடுத்தார். மேஸ்திரி அவர் காதோரம் குனிந்து, "ஐயா, இதுக்குப் பதிலா ஒரு மூடி குடுத்தீங்கன்னா பெரிய புண்ணியமாப் போகும்," என்றார்.

ஆணையர் மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா? பரிசு வாங்குகிற இடத்திலும் வேலை ஞாபகம்! எவ்வளவு தன்னடக்கம்!"

மறுபடி கைதட்டல்.

மறுநாள் ஒரு சிக்கல் முளைத்தது. குழியோரம் நிற்பதற்கு நகராட்சியில் பதவி கிடையாது. இல்லாத பதவியில் ஆளை நிறுத்தினால் தணிக்கையில் கேள்வி வரும். ஆனால் குழியின் மேல் மூடியை வைப்பதற்கு விதி இருக்கிறது. சட்டத்தை முழுக்கப் புரட்டிப் பார்த்த ஐடியா சார், மேஸ்திரியைப் பணியாளர் பட்டியலிலிருந்து எடுத்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றும்படி குறிப்பு அனுப்பினார். ஆணையர் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டார். படித்திருந்தாலும் போட்டிருப்பார்.

ஸ்டோர்க்காரர் அளவு டேப்போடு குழியோரம் வந்தார்.

"அசையாம நில்லுய்யா. உயரம் அஞ்சே முக்கால் அடி. எடை?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தோராயமாப் போட்டுக்கறேன். நிறம் கறுப்பு. பழசும் கறுப்புதான், வசதியாப் போச்சு. கைப்பிடி ரெண்டு."

"யோவ், விளையாடறியா? எனக்குச் சம்பளம் வருமா வராதா?"

"வரும், வரும். பராமரிப்புச் செலவுன்னு வரும். உனக்கென்னய்யா, ராஜா மாதிரி. மூடிக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. பத்து வருஷம் உத்தரவாதம்."

மாலை ஐந்து மணிக்குமேல் மூடி வீட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்கும் பதில் எழுதி வந்தது. போகலாம், 'பழுது பார்ப்பதற்காக எடுத்துச் செல்லப்பட்டது' என்று தினமும் கையெழுத்திட வேண்டும். ஐந்து மணிக்குமேல் குழி என்னாவது? அலுவலக நேரத்துக்கு வெளியே நடக்கும் எதற்கும் நகராட்சி பொறுப்பில்லை. தையற்காரிதான் ஒரு உடைந்த பீரோவை இழுத்துக் குழியோரம் போட்டு, விடிந்ததும் திரும்பக் கடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி மேஸ்திரிக்கு உயிர் வந்தது. பக்கத்து நகராட்சியிலிருந்து ஒரு குழு உயிர்மூடித் திட்டத்தைப் படிக்க வந்தது. அவர்கள் ஊரில் யோசனைகள் இல்லை, மூடிகள் இருந்தன. வெறுங்கையோடு வரக்கூடாதென்று புத்தம்புது இரும்பு மூடி ஒன்றை ரிப்பன் கட்டிப் பரிசாகத் தூக்கி வந்திருந்தார்கள். நான்கு பேர் அதைச் சுமந்து இறக்கியபோது, கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி மேஸ்திரி அதையே பார்த்தார். அளவு கச்சிதம். கண்ணாலேயே அளந்துவிட்டார்.

அன்று மாலையே ஸ்டோர்க்காரரிடம் ஓடினார்.

"அந்த மூடியக் குடுத்துடுய்யா. பத்தொம்போதாம் தேதி நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். அவ கண்ணு..."

ஸ்டோர்க்காரர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. பதிவேடு இல்லாமல் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"பாரு. பள்ளிக்கூடச் சாலைக் குழி, மூடி இருக்கு. யாரு? நீ. ஒரு குழிக்கு ரெண்டு மூடி குடுத்தா என்னைத் தொங்க விட்டுருவாங்க. நீ பழுதாயிட்டேன்னா சொல்லு, மாத்தித் தரேன்."

"எப்படிய்யா பழுதாவறது?"

"ரெண்டா உடையணும்."

புது மூடி ஐடியா ரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. 'பழங்கால முறை' என்று கீழே ஒரு சீட்டு.

மேஸ்திரி மூடி கேட்பதை விட்டுவிட்டு லீவு கேட்கப் போனார். பணியாளர் பிரிவு எழுத்தரம்மா கணினியில் மேலும் கீழுமாகத் தேடினார்.

"உங்க பேரே இல்லையேண்ணா. பேர் இருந்தாத்தானே லீவு?"

"ஒரே ஒரு நாள்மா. அதோட மருத்துவ அட்டைக்கு, வேலையில இருக்கார்னு ஒரு சான்று வேணும். ஆஸ்பத்திரில கேப்பாங்க."

"ஆளுங்களுக்குத்தான் நான் சான்று தர முடியும். சாமானுக்கு ஸ்டோர்தான் தரும். அங்க கேளுங்களேன், பாவம்."

ஸ்டோர்க்காரர் உடனே தந்தார். அலுவலகத்தில் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அது. முத்திரை வைத்து, பச்சை மையில் கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். மேஸ்திரி பிரித்துப் பார்க்கவில்லை. அரசாங்க உறையைப் பிரிக்கக் கூடாது என்பது முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

பத்தொன்பதாம் தேதி அதிகாலை தையற்காரி கடையைத் திறக்காமலே குழியோரம் வந்து நின்றாள்.

"போய்ட்டு வாங்கண்ணே. நான் உங்களவிட நல்லாவே மூடுவேன், உடம்பப் பாருங்க. அண்ணி, பயப்படாதீங்க. கண்ணு தெரிஞ்சு வந்ததும் முதல்ல என் கடைக்கு வாங்க. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு கறுத்துட்டார்னு காட்டறேன்."

"அவர் எப்பவும் கறுப்புதான்," என்று சிரித்தாள் மேஸ்திரியின் பெண்டாட்டி. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் உறையைக் கிழித்துப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"நீங்கதான் ஊழியரா?"

"ஆமாங்க."

"இதுல அப்படி இல்லையே. 'மூடி ஒன்று. கீறலோ வெடிப்போ இல்லை. நல்ல நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது'ன்னு இருக்கு."

"அது நான்தாங்க."

எழுத்தர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் மேஸ்திரிக்குப் பயத்தைக் கொடுத்தது.

"ஐயா, கணினியில பாத்துட்டேன். உங்க அட்டை போன வாரமே ரத்தாயிருக்கு. ஊழியர் இல்லைன்னு வருது. மூடிக்கு சம்சாரம் இருக்கறதா எங்க விதியில இல்ல. சரியான சான்று வாங்கிட்டு வாங்க, அடுத்த தேதி போட்டுத் தரேன்."

"அடுத்த தேதி எப்ப?"

"ஏழு மாசம் ஆகும்."

மேஸ்திரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் பேரம் பேசத் தெரியாத மனுஷன், அன்றைக்குப் பேசிப் பார்த்தார். ஆறு மாசம்? மூன்று? நாளைக்கு? இன்றைக்கு ராத்திரி வரைக்கும் இங்கேயே நின்றால்? பின்னால் நின்றவர்கள் வரிசை நகரவில்லை என்று சத்தம் போட்டார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் பெண்டாட்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

"வெளியே பச்சையாத் தெரியுதே, வயலாங்க?"

"ஆமா," என்றார். அது பச்சைச் சாயம் பூசிய சுவர்.

ஊருக்குத் திரும்பியபோது குழியோரம் கூட்டம். தையற்காரி இடுப்பில் கைவைத்து நின்று, ஐடியா சாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"குழியை மூடிக்கிட்டு ஒருத்தி நிக்கறேன்ல? அப்புறம் என்னய்யா?"

"நீங்க நகராட்சி மூடி இல்லம்மா. நீங்க ஆக்கிரமிப்பு."

விஷயம் இதுதான். தூரத்து நகராட்சியிலிருந்து வந்த குழு ஒன்றை, திட்டத்தைக் காட்ட ஐடியா சார் கூட்டி வந்திருக்கிறார். வந்த இடத்தில் மூடியைக் காணோம். மேஸ்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த கையோடு குறிப்பாணையை நீட்டினார்கள். 'நகராட்சிக்குச் சொந்தமான மூடி ஒன்றை அனுமதியின்றித் தூக்கிச் சென்றது.' தூக்கிச் சென்றவர்: மேஸ்திரி. தூக்கிச் செல்லப்பட்டது: மேற்படியார்.

"சார், நானே என்னை எப்படி சார் திருடுவேன்?"

"அதைத்தான் விளக்கமா எழுதிக் கேக்கறோம்," என்றார் ஐடியா சார் பொறுமையாக. "இதுல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல மேஸ்திரி. இரும்பு மூடிகள்ல எங்களுக்கு இருந்த ஒரே பிரச்சினை திருட்டு. அது உயிர்மூடியிலயும் வந்துடுச்சுன்னா திட்டத்துக்கே கெட்ட பேர்."

ஒரு வாரத்தில் தீர்வு கண்டார்கள். விளக்குக் கம்பத்திலிருந்து ஒரு சங்கிலி, மறுமுனை மேஸ்திரியின் இடுப்பில். காலை ஒன்பதுக்குப் பூட்டி மாலை ஐந்துக்குத் திறப்பார்கள். சாவி ஸ்டோர்க்காரரிடம். முதல் நாள் பூட்டும்போது அவர், "இறுக்குதாய்யா?" என்று கேட்டு ஒரு வளையம் தளர்த்தி விட்டார்.

நாலாவது மாதம் வலது கண்ணும் அணைந்தது. டாக்டர் சொன்னது சரிதான், அது காத்திருக்கவில்லை. ஊரில் அதற்குள் அறுபத்து மூன்று குழிகளில் இருபத்தாறில் ஆள் நிறுத்தியாகிவிட்டது. எல்லோரும் பூட்ஸ் கேட்டு மனு கொடுத்தவர்கள்.

பகலில் வீட்டில் தனியாக இருக்க அவளுக்குப் பயம். தினமும் காலையில் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, தையற்காரி போட்ட ஸ்டூலில், அவர் பக்கத்தில் உட்காருவாள். யாராவது வருகிற காலடி கேட்டால் அவரை முந்திக்கொண்டு, "பாத்துப் போங்க, குழி இருக்கு," என்பாள். அவருக்குத் தொண்டை கட்டிய நாட்களில் அவள்தான் முழுக்கச் சொன்னாள்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த குழுவோடு ஐடியா சார் வந்தார். இப்போது அவருக்குப் பதவி உயர்வு ஆகியிருந்தது, சிரிப்பும் அதற்கேற்ப அகலமாகியிருந்தது. சங்கிலியின் தரத்தை விளக்கினார். ஒரு வெள்ளைத் தாடிக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து மேஸ்திரியின் பெண்டாட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "இந்த அம்மா யார் என்று கேட்கிறார்."

ஐடியா சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது. யோசனை வருகிறபோது அவர் முகம் அப்படித்தான் ஆகும். மேஸ்திரி அந்த முகத்தை முன்பு ஒருதரம் பார்த்திருக்கிறார். அவர் சங்கிலி குலுங்கியது.

"சார், வேண்டாம் சார். அவ சும்மா எனக்குத் துணைக்கு..."

"இது உபரி மூடி," என்றார் ஐடியா சார். "முதல் மூடி தேய்ந்துபோனால் உடனே மாற்றுவதற்கு. குடும்பப் பங்களிப்புத் திட்டம். உலகத்தில் எங்குமே கிடையாது."

வெள்ளைத் தாடிக்காரர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். ஸ்டோர்க்காரர் பதிவேட்டை விரித்தார். கையெழுத்து அழகாகத்தான் விழுந்தது. மூடி, உபரி, ஒன்று. சிறு பழுது உண்டு, உபயோகத்துக்குத் தடையில்லை.

ஜீப்புகள் கிளம்பிப் போனதும் அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க எழுதினாங்க? பேனா சத்தம் கேட்டுதே."

"ஒண்ணுமில்ல. உன்னையும் சேத்துக்கிட்டாங்க."

"எதுல?"

"ஆபீஸ்ல."

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். காற்றில் துழாவி அவர் தோளைப் பிடித்தாள்.

"நிஜமாவா? அப்ப எனக்கே மருத்துவ அட்டை வந்துடும்லங்க? என் பேர்லயே தேதி கேக்கலாம்ல? யார் கையெழுத்தும் வேண்டாம்ல?"

எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றுவிட்டது. மேஸ்திரி கீழே பார்த்தார். அவள் நிற்கிற இடத்திலிருந்து குழி அரை அடிதான் இருந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கமா நில்லும்மா," என்றார்.